எழுபத்திரண்டு சென்டிமீட்டர் இடுப்பு

இடுப்பில் டேப்பைச் சுற்றி அளவைச் சொன்னதும் எதிரே நிற்கும் தாய் முதலில் என் டேப்பைச் சந்தேகிப்பாள். பிறகு மகளை முறைப்பாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஒரு பத்து சென்டிமீட்டர் குறைச்சே வெட்டிடுங்க எர்லிந்தா, அதுக்குள்ள இவ இளைச்சிடுவா" என்பாள்.

மெக்சிகோவின் அகுவாஸ்கலியெந்தெஸ் ஊரில் இதே தெருவில், இதே கடையில், இருபத்தாறு வருஷமாகப் பெண்பிள்ளைகளின் பதினைந்தாம் பிறந்தநாள் கவுன் தைக்கிறேன். இருபத்தாறு வருஷமாக இதே வசனம். அந்தப் பெண் இளைக்க மாட்டாள். விழாவுக்கு முதல் நாள் ஜிப் ஏறாது. தாயும் மகளும் அழுதுகொண்டு என்னிடமே ஓடிவருவார்கள். நான் பக்கத் தையலைப் பிரித்து ஒப்பேற்றிக் கொடுப்பேன். எதிரில் ஒரு பெண் உயிரோடு நிற்கிறாள், மூச்சு விடுகிறாள், பெயர் இருக்கிறது. அவளுக்குத் தைக்காதே, இன்னும் பிறக்காத ஒருத்திக்குத் தை என்கிறார்கள். இதைக் கேட்டு எனக்கு ஒருநாளும் பழகவில்லை. ஒவ்வொரு தடவையும் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்ட நான், என் சொந்த ஞானமகளுக்கு அதே காரியத்தைச் செய்தேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

சிட்லாலியை ஞானஸ்நானத் தொட்டியில் கையில் ஏந்தியவள் நான். அவளுக்கு நான் 'மத்ரீனா', ஞானத்தாய். அவள் அம்மா அமாலியா பள்ளிக்கூடக் காலத்திலிருந்து என் சிநேகிதி. குழந்தையை ஏந்திய நாளிலிருந்து நாங்கள் ஒருவருக்கொருவர் 'கொமாத்ரே'. கூடப்பிறந்தவளோடு பேச்சை முறித்துக்கொள்ளலாம், கொமாத்ரேயோடு முடியாது. பதினைந்தாம் பிறந்தநாள் என்று வந்துவிட்டால் கேக்குக்கு ஒரு ஞானத்தாய், செருப்புக்கு ஒருத்தி, இசைக்கு ஒருத்தி என்று பங்கு போட்டுக்கொள்வோம். கவுன் யார் பொறுப்பு என்று யாரும் கேட்கவே இல்லை. அது என்னுடையது.

வம்பு என் உடம்பிலிருந்து தொடங்கியது என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இருபத்திரண்டு வருஷம் நான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்ந்தவள். மூன்று நாள் அன்னாசி மட்டும். வெறும் வயிற்றில் சப்பாத்திக்கள்ளிச் சாறு. பௌர்ணமியன்று வெறும் தண்ணீர். முட்டைக்கோஸ் சூப். இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு மே மாத வெயிலில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். வியர்வை பெடலில் சொட்டும். எட்டு கிலோ போகும். பத்து கிலோவாகத் திரும்பி வரும், கூட ஆள் சேர்த்துக்கொண்டு. ஜனவரி ஏழாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள், ராஜாக்கள் ரொட்டியின் கடைசித் துண்டோடு சபதம் எடுப்பேன். பிப்ரவரி இரண்டாம் தேதித் திருநாளுக்கு ஊரே சோளமாவில் அவித்த தமால் தின்னும்போது சபதம் உடையும். பிறகு அடுத்த ஜனவரி வரை என்னையே திட்டிக்கொண்டிருப்பேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மாமியார் இறந்த ஒன்பதாம் நாள் ஜெபம். வீடு நிறையப் பெண்கள், அண்டா நிறையத் தமால். நான் சூப் டயட்டில் இருந்தேன். "எனக்கு வேணாம்" என்று எல்லோர் முன்னாலும் பெருமையாகச் சொன்னேன். கால் மணி நேரம் கழித்துக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, நின்றபடியே, ஐந்து தமால் தின்றேன். சோள மட்டையை உரித்து உரித்துச் சட்டைப் பையில் திணித்தேன். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். வாய் நிறைய மாவோடு "வர்றேன்" என்றேன். அப்போதுதான் உறைத்தது, ஐந்தில் ஒன்றின் ருசிகூட எனக்குத் தெரியவில்லை. உள்ளே இருந்தது பன்றிக்கறியா, மிளகாயும் சீஸுமா, அதுவும் தெரியவில்லை.

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நாற்பத்தைந்து வயசு. சொந்தக் கடை. நாலு மெஷின். ஒரு தமால் தின்ன நான் எதற்காகக் குளியலறையில் ஒளிய வேண்டும்? முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன், எல்லோர் நடுவிலும் மேஜையில் உட்கார்ந்தேன், தட்டில் ஒரு தமால் கேட்டு வாங்கி மெதுவாகத் தின்றேன். நல்ல தமால். பாதிக்கு மேல் இறங்கவில்லை. மீதியைத் தட்டிலேயே வைத்தேன்.

மறுநாள் காலை பழைய இரும்புக்காரன் வண்டி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு வந்தபோது எடை பார்க்கும் இயந்திரத்தைத் தூக்கி அதில் போட்டேன். அன்றிலிருந்து பசித்தால் சாப்பிட்டேன், பிடித்ததைச் சாப்பிட்டேன், உட்கார்ந்து சாப்பிட்டேன், போதும் என்றால் நிறுத்தினேன். கேட்பதற்குச் சுலபம். முதல் நாலு மாதம் இன்னும் பெருத்தேன். இவள் மறுபடி பட்டினி போடுவாளோ என்று என் உடம்பு பயந்துகிடந்தது போல. கிடைத்ததையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் கூக்கோ எதையும் கவனிக்காத மாதிரி இருந்தார். புத்திசாலி மனுஷன். பிறகு ஒருநாள் அலமாரியில் பிஸ்கட் நமத்துப்போயிருந்தது. என் வீட்டில் பிஸ்கட் நமத்துப்போகும் அளவுக்கு உயிரோடு இருந்ததே அதுதான் முதல் தடவை. இரண்டரை வருஷத்தில், எனக்கே ஒரு ரவிக்கை தைக்க அளவெடுத்தபோது, இடுப்பில் பதினாலு சென்டிமீட்டரைக் காணோம். என் தங்கை நியெவெஸும் என்னைப் பார்த்து இதே மாதிரி சாப்பிடத் தொடங்கினாள். அவளுக்கு ஒரு விரல்கூடக் குறையவில்லை. ஆனால் சாப்பாட்டைக் கண்டால் பயப்படுவது நின்றுவிட்டது. எனக்குக் குறைந்தது, அவளுக்கு ஏன் குறையவில்லை என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஆனால் ஊருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். சர்க்கரை வந்துவிட்டது என்றார்கள். குடலை அறுத்துக்கொண்டாள் என்றார்கள். சந்தையில் கொத்தமல்லி விற்பவள், இவள் கள்ளப் புருஷன் பிடித்திருக்கிறாள் என்று என் காதுபடவே சொன்னாள். நான் வீட்டுக்கு வந்து குதித்தேன்.

கூக்கோ செய்தித்தாளை மடித்தார். "யாரு அந்த ஆளுன்னு எனக்கும் சொல்லு குண்டம்மா. ஒரு பாட்டில் வாங்கிட்டுப் போய் நன்றி சொல்லிட்டு வர்றேன்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருக்கு நான் குண்டம்மாதான். பெருத்தபோதும், இளைத்தபோதும்.

"என்னதான் சாப்பிடறே?" என்று எல்லோரும் கேட்டார்கள். "எல்லாம்" என்பேன். நம்பவே மாட்டார்கள். என்னமோ கஷாயத்தின் பெயரை மறைக்கிறேன் என்ற வயிற்றெரிச்சலோடு போவார்கள்.

மார்ச் மாதம் அமாலியா மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். விழா நவம்பரில். உள்பாவாடையோடு பெண்ணை ஸ்டூலில் ஏற்றி அளவெடுத்தேன். இடுப்பு எண்பத்து நாலு. அகன்ற தோள், உறுதியான கால், அப்பாவின் ஜாடை. பள்ளியில் கூடைப்பந்து ஆடுகிற பெண்.

"எழுபத்திரண்டுன்னு எழுதிக்கோ" என்றாள் அமாலியா.

"யாரோட இடுப்பு அது?"

"நவம்பர்ல இவளோடது. முதுகுல கயிறு வெச்சுத் தைக்காதே. ஜிப் வை. கயிறு இருந்தா எவ்வளவு பெருத்தாலும் இழுத்துக் கட்டிக்கலாம்னு இவளுக்குத் திமிர் வந்துடும். ஜிப்னா பயம் இருக்கும்."

"பதினஞ்சாவது பிறந்தநாளுக்குப் போடற துணியில எதுக்குடி பயம்?"

சிட்லாலி ஸ்டூலின் மேல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றித்தான் பேசுகிறோம், ஆனால் அவள் அங்கே இல்லாத மாதிரி பேசினோம். நான் முடியாது என்றேன். அப்போது அமாலியா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொமாத்ரே, உன்னை மாதிரி யாரு இருக்கா சொல்லு. பட்டினி இல்ல, மாத்திரை இல்ல, கத்தி இல்ல, எப்படி ஆயிட்டே! ஊரே உன்னைப் பார்த்து வாயைப் பிளக்குது. உன் வித்தையை என் பொண்ணுக்குச் சொல்லிக்கொடு. உன் ஞானமகளுக்குச் செய்ய மாட்டியா?"

எனக்குத் தலைக்கேறிவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது? நாற்பத்தெட்டு வருஷத்தில் என் உடம்பை யாரும் புகழ்ந்ததில்லை. வெட்கம் கெட்டு உட்கார்ந்து பாடம் நடத்தினேன். பசித்தால் மட்டும் சாப்பிடு. வயிற்றைக் கேள். வயிற்றுப் பசி வேறு, வாய்ப் பசி வேறு. மெதுவாக மெல். போதும் என்று வயிறு சொன்னதும் ஸ்பூனைக் கீழே வை. அமாலியா ஒரு நோட்டில் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டாள். அன்று சாயங்காலமே மாதுளை நிறப் பட்டுத் துணியை விரித்து எழுபத்திரண்டுக்கு வெட்டினேன். ஜிப் வைத்தேன். இருபத்தாறு வருஷமாக எந்தத் தாய்களைத் திட்டிக்கொண்டிருந்தேனோ, அவர்கள் ஒருத்திக்கும் நான் இளைப்பில்லை.

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமாலியா வீட்டில் மதியச் சாப்பாடு. சமையலறைக்குள் போனால் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. 'எர்லிந்தாவின் விதிகள்.' என் பேரைக் கொட்டை எழுத்தில் போட்டு, அடியில் சிவப்புக் கோடு. விதிகளே வேண்டாம் என்று உதறிவிட்டு ஓடிவந்தவள் நான்; ஒரு விதிப்பட்டியலுக்கே என் பெயரை வைத்திருந்தாள். விருந்துக்கு வந்த வீட்டில் என்ன சண்டை என்று போய் மேஜையில் உட்கார்ந்தேன்.

ஆட்டுக்கறி பிர்ரியா. கிண்ணத்தில் ஆவி பறக்கிறது. சிட்லாலிக்கு உயிர் அது. அவள் சோள டோர்ட்டியா ரொட்டியை நோக்கிக் கையை நீட்டினாள்.

"வயித்துப் பசியா, வாய்ப் பசியா?" என்றாள் அமாலியா. அதட்டலாகக்கூட இல்லை. மணி என்ன என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

கை நின்றது. "வயித்துப் பசி."

"பத்து மணிக்குத்தானே முட்டை சாப்பிட்டே? நல்லாக் கேட்டுப் பாரு. மத்ரீனா எப்படிச் சொல்லிக்கொடுத்தாங்க?"

சிட்லாலி என்னைப் பார்த்தாள். பிறகு கையை மடிக்கு இறக்கிக்கொண்டு, "பசிக்கல" என்றாள்.

பக்கத்தில் அவள் அப்பா எட்டாவது டோர்ட்டியாவைக் கிண்ணத்தில் தோய்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தொப்பை மேஜையில் இடிக்கிறது. அவர் வயிற்றை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"அமாலியா, விடு. பிள்ளை சாப்பிடட்டும்" என்றேன்.

"நீ சொன்னதுதானே கொமாத்ரே நான் கேக்கறேன்? ஒரு வார்த்தை கூட்டினேனா, குறைச்சேனா?"

கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் வார்த்தைதான். அதே வார்த்தையைத் தடியாகச் செதுக்கிக் கையில் வைத்திருந்தாள்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் நூல் வாங்கப் போனவள் பூங்கா ஓரமாகத் திரும்பி வந்தேன். சோளம் விற்கும் சஸ்கா வண்டிக்குப் பின்னால், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி ஒரு பெண் பள்ளிச் சீருடையில் நின்றாள். அவித்த சோளமும் கிரீமும் மிளகாய்ப்பொடியும் போட்ட பெரிய கப்பு. ஸ்பூன் ஏறுகிறது, இறங்குகிறது. மெல்லவே இல்லை. கப்பு காலியானதும் கைக்குட்டையால் வாயை அழுத்தித் துடைத்தாள், கப்பை மடக்கி வேறொரு குப்பைத் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டாள். சிட்லாலி.

நான் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். சுவரைப் பார்த்துத் தின்பவளை அந்த நேரத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அமாலியாவிடமாவது அன்றே போய்ப் பேசியிருக்க வேண்டும். தாளைக் கிழித்திருக்க வேண்டும். கடையில் ஆர்டர் குவிந்துகிடக்கிறது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

அக்டோபர் கடைசியில் ட்ரையலுக்கு வந்தார்கள். கோயில் பூசைக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. கவுனைத் தலைவழியாக இறக்கி முதுகுப்புறம் நின்றேன். ஜிப்பின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே எட்டு விரல் இடைவெளி. சிட்லாலி மூச்சை உள்ளே இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அப்படி நின்றும் எட்டு விரல். மார்ச்சில் இருந்ததைவிடப் பெருத்திருந்தாள்; கன்னத்தில் மட்டும் ரத்தமில்லை.

அமாலியா பார்த்தாள். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சுருளையும், நாலாக மடித்த ஒரு தாளையும் எடுத்து என் வெட்டும் மேஜையில் வைத்தாள்.

"பத்தொன்பது நாள். அன்னாசி, தண்ணி. காலையும் மாலையும் இதைச் சுத்திக்கிட்டு நடக்கட்டும். ஊசி போடறவ ஒருத்தி இருக்கா, அவகிட்டேயும் கேட்டிருக்கேன்."

"பைத்தியமா உனக்கு? அந்தப் பிள்ளையை அதோட பசிக்கு விட்டுடு. அது வயிறு அதுக்குச் சொல்லும்…"

"நீங்க பேசாதீங்க மத்ரீனா."

நாங்கள் இருவரும் திரும்பினோம். ஸ்டூலின் மேல் சிட்லாலி, பாதி திறந்த கவுனை முன்னால் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் என்னிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"முன்னாடியெல்லாம் அம்மா 'தின்னாதே'ன்னு மட்டும்தான் சொல்லிட்டிருந்தா. அது பரவால்ல. ஒளிஞ்சு தின்னுக்கலாம். நீங்க வந்துதான் என் வயித்துக்குள்ளேயே ஒரு ஆளை உக்கார வெச்சுட்டீங்க. பசிக்குதுன்னு தோணினாலே, நிஜமா பொய்யான்னு அவ கேக்கறா. கனவுல கூட கேக்கறா. எனக்குப் பசின்னா என்னன்னே மறந்துபோச்சு. அன்னாசியே பரவால்ல. அது பத்தொன்பது நாள்ல முடிஞ்சிடும்."

அறைந்த மாதிரி இருந்தது. ஐந்து தமாலை நின்றுகொண்டே விழுங்கியபோதுகூட என்மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை. நான் குளியலறையிலிருந்து வெளியே வந்துவிட்டேன், சரி. வந்த கையோடு இவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டேன்.

பெரிய கத்தரிக்கோல் கைக்குப் பக்கத்தில் இருந்தது. "அசையாதே கண்ணு" என்று சொல்லிவிட்டு ஜிப்பின் ஓரத்தில் கத்தரியை வைத்து, முதுகிலிருந்து இடுப்பு தாண்டி வெட்டினேன். பட்டு கிழியும் சத்தத்துக்கு மேலாக அமாலியா அலறினாள்.

"ஐயோ! என்ன பண்றே! உனக்கு மூளை கெட்டுப்போச்சா?"

"கெட்டிருந்தது. மார்ச்ல. இப்போதான் சரியாச்சு." ஜிப்பை மொத்தமாக அறுத்து எடுத்து அவள் முன்னால் மேஜையில் போட்டேன். "இந்த எழுபத்திரண்டு யாரோ, அவ என்னிக்காவது உன் வீட்டுக்கு வந்தா இதை அவகிட்டக் குடு. நான் இங்க நிக்கிறவளுக்குத் தைக்கப் போறேன்."

"உனக்கென்ன, நீ இளைச்சவ, பேசுவே!" அமாலியாவுக்குக் குரல் உடைந்தது. "என் பதினஞ்சாவது உனக்கு மறந்துபோச்சா? வால்ஸ் நடுவுல ஜிப் தெறிச்சு, முதுகு முழுக்கத் திறந்து, மண்டபமே சிரிச்சுது. எங்க அம்மா மேஜைத் துணியை உருவி என்மேல போர்த்தினா. என் பொண்ணுக்கு அது நடக்கக் கூடாதுன்னு பாக்கறது தப்பா?"

மறக்கவில்லை. நானும் அந்த மண்டபத்தில் இருந்தேன். நானும் சிரித்தேன். முப்பத்து மூன்று வருஷத்தில் அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அந்த ஜிப் தெறிச்சது உன் உடம்போட தப்பாடி?" என்று கத்தினேன். கத்தும்போது எனக்கும் கண்ணீர் வந்தது. "உங்கம்மா சொன்னான்னு எவளோ ஒருத்தி பத்து சென்டிமீட்டர் குறைச்சு வெட்டினா. அவ தப்பு. அவளைப் போய் யாராவது கேட்டாங்களா? உன்னைப் பார்த்துத்தானே சிரிச்சோம்? இப்போ நீ உங்கம்மாவா நிக்கறே, நான் அந்தத் தையல்காரியா நின்னேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

அமாலியா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிளாஸ்டிக் சுருளை எடுத்துப் பைக்குள் திருப்பி வைத்தாள். மன்னிப்பும் இல்லை, சமாதானமும் இல்லை. "நவம்பர் பதினஞ்சுக்குள்ள முடியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"முடியும். வீட்டுக்குப் போனதும் ஃப்ரிட்ஜ்ல இருக்கிற என் பேரைக் கிழிச்சு எறி."

பிறகு டேப்பை எடுத்தேன். சிட்லாலி பழக்கத்தில் வயிற்றை எக்கினாள். நான் டேப்பைப் பிடித்தபடி காத்திருந்தேன். எவ்வளவு நேரம்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள்? கடைசியில் விட்டாள். அளவைத் துணி ஓரத்தில் சாக்பீஸால் எழுதிக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் "ம்" என்றாள். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு என்ன யோக்கியதை?

மாதுளைப் பட்டு அதே நிறத்தில் கிடைக்கவில்லை. கொஞ்சம் அடர்ந்த நிறத்தில் இரண்டு பட்டை வாங்கிப் பக்கங்களில் இறக்கினேன், பார்ப்பவர்கள் அதுதான் வேலைப்பாடு என்று நினைக்கும்படி. முதுகில் பதினாறு கண்ணி வைத்துக் கயிறு கோத்தேன். விழாவன்று அந்தக் கயிற்றைக் கட்டியது அமாலியா. "இறுக்குதா?" என்று நாலு தடவை கேட்டாள்.

பூசை முடிந்தது. மண்டபத்தில் வழக்கப்படி அப்பா மகளுக்குக் குதிகால் செருப்பை மாட்டிவிட்டார். வால்ஸ் ஆடினாள், கூட ஆட வந்த ஆறு பையன்கள் வாடகைக் கோட்டில் சுற்றி நின்று தூக்கினார்கள், ஒன்றும் தெறிக்கவில்லை. அமாலியா மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இசை நின்றதும் என் முழங்கையைக் கிள்ளினாள், வலிக்கும்படி. சந்தோஷத்தில் கிள்ளினாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் சாப்பாடு. முதல் மேஜையில் சிட்லாலி நடுவில். இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் நான், சுற்றிலும் மற்ற ஞானத்தாய்கள். பரிமாறுகிறவர் அவள் முன்னால் பிர்ரியாத் தட்டை வைத்தார். அந்த நிமிஷம் மேஜையிலிருந்த அத்தனை பெண்களின் கண்ணும் அந்தத் தட்டின் மேல் போய் உட்கார்ந்தது.

"பாவம், இன்னிக்கு ஒரு நாளாவது சாப்பிடட்டும்" என்றாள் கேக்கின் ஞானத்தாய்.

"பார்த்தும்மா, கயிறு தெறிச்சு எங்க மேல விழுந்துடப் போவுது" என்றாள் செருப்பின் ஞானத்தாய். எல்லோரும் சிரித்தார்கள்.

அமாலியா வாயைத் திறக்கவில்லை. மகளின் சாப்பாட்டைப் பற்றிப் பேச மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் செய்திருந்தாள், காப்பாற்றினாள். ஆனால் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. டோர்ட்டியாக் கூடைக்கும் மகளின் கைக்கும் நடுவே அது ஓடிக்கொண்டே இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சும்மா இருக்க முடியவில்லை. "யாரையும் கண்டுக்காதே கண்ணு. உனக்கு எவ்வளவு வேணுமோ சாப்பிடு" என்றேன்.

சிட்லாலி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஜூனில் டோர்ட்டியாவிலிருந்து கையை எடுத்தபோது பார்த்தாளே, அதே பார்வை.

அவள் எழுந்தாள். ஒரு கையில் பாவாடையை அள்ளிக்கொண்டு, மறு கையில் தட்டை எடுத்துக்கொண்டு, மண்டபத்தைக் குறுக்கே கடந்து அந்த ஆறு பையன்களின் மேஜைக்குப் போனாள். அவர்கள் டையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, மூன்றாவது தட்டோ நாலாவது தட்டோ, கறியை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தார்கள். பிறந்த நாளிலிருந்து அவர்கள் தட்டை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. ஒருவன் சாப்பிட்டுக்கொண்டே நகர்ந்து இடம் விட்டான். இன்னொருவன் எலுமிச்சைத் துண்டை அவள் பக்கம் தள்ளினான். அவ்வளவுதான் வரவேற்பு. சிட்லாலி பாவாடையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் என்னமோ சொன்னான், அவள் வாயில் கறியோடு சிரித்தாள்.

அமாலியாவுக்கும் அந்த மேஜைக்கும் நடுவில் ஐந்து அடுக்குக் கேக் நின்றது. இப்படிச் சாய்ந்து பார்த்தாள், அப்படிச் சாய்ந்து பார்த்தாள். பிறகு என் காதருகே குனிந்தாள்.

"கொமாத்ரே, உன் இடத்துலேர்ந்து தெரியுதே. எவ்வளவு எடுத்திருக்கா? எத்தனாவது டோர்ட்டியா?"

தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. நான் எழுந்து என் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அந்த மேஜைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

"எனக்கு இங்கேர்ந்து ஒண்ணும் தெரியல" என்றேன்.